பழனி சாலையில் ஒரு தனிப்பாதை

திண்டுக்கல் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு வரும், பிரியாணி வரும், சிறுமலை வாழைப்பழம், சின்னாளப்பட்டி சுங்குடி, நிலக்கோட்டை மல்லிகை என்று வரிசையாக வரும். திண்டு மாதிரி ஊர் நடுவே படுத்திருக்கும் அந்தப் பாறையும், அதன் மேல் நாயக்கர் காலத்துக் கோட்டையும், அடிவாரத்தில் கோட்டை மாரியம்மனும் வராமல் இருக்க முடியாது. எனக்கும் அதெல்லாம்தான் ஞாபகம் இருந்தது. சென்ற தை மாதம் போய் வந்ததிலிருந்து இன்னொன்றும் சேர்ந்து கொண்டது. அது ஒரு நடைபாதை!

"இதென்ன, நடைபாதையைப் பார்க்கவா திண்டுக்கல் போனீர்கள்?" என்று சிரிக்காதீர்கள். நான் போனது என் தங்கையைப் பார்க்க. திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற சாலையில், ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் அவளைக் கொடுத்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸைப் பிடித்து ஏறினேன். 2021-லிருந்து நமக்குத்தான் டிக்கெட் கிடையாதே! ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் தூரத்தில் பழனி மலைத் தொடர் நீலமாகத் தெரிந்தது. சாலைக்கும் வயலுக்கும் நடுவே, பேவர் பிளாக் கல் பதித்த ஒரு பாதை பஸ்ஸோடு கூடவே ஓடி வந்தது. கொஞ்ச தூரம் வரும், புதரில் மறையும், மறுபடி தலை காட்டும். அதன் மேல் பச்சை வேட்டியும் மஞ்சள் சேலையுமாக ஜனங்கள் சாரிசாரியாகப் போய்க் கொண்டிருந்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைக்காரர்கள்.

சத்திரங்களின் சாலை

திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்களுக்கு இதுதான் வழி. செட்டிநாட்டு நகரத்தார் காவடி எடுத்துக் கொண்டு குன்றக்குடி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வந்து சேர்ந்து, இங்கிருந்து பழனிக்கு நடப்பது பல தலைமுறைப் பழக்கம்.

இந்த வழியில் உள்ள ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மூலச்சத்திரம், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி! எங்கெங்கே நடந்து களைத்தவன் உட்கார வேண்டுமோ, அங்கங்கே ஒரு சத்திரம். கால்நடையாகப் போகிறவர்களுக்காகவே வளர்ந்த சாலை இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சாலைகள் போட்டு, இரு பக்கமும் மரம் வைத்து, சத்திரங்கள் கட்டினாள் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு பெண் சாலை போட நினைத்தபோது நிழலும் தண்ணீரும் படுக்க இடமும் சேர்த்து நினைத்தாள் என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

அப்புறம் லாரி வந்தது, பஸ் வந்தது, கார் வந்தது. சாலை தேசிய நெடுஞ்சாலை ஆயிற்று. நடந்து போகிறவர்கள் ஓரத்துக்குப் போய், ஓரத்திலிருந்து மண்ணுக்குப் போனார்கள். பக்தர் கூட்டத்தில் இரவிலே வண்டி புகுந்த செய்திகளை நாம் எத்தனை தைப்பூசத்தில் படித்திருக்கிறோம்! போலீஸார் வழியில் நின்று பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவதும் அதனால்தான். பாதயாத்திரைக்கென்று சாலையை விட்டு விலக்கிக் கல் பாவிய தனிப்பாதை வந்ததும் அதனால்தான்.

திண்ணையில் ஒரு சைக்கிள்

தங்கை வீட்டுத் திண்ணையில் ஒரு புது சைக்கிள் நின்றது. அரசாங்கம் கொடுத்த சைக்கிள். ஹாண்டில்பாரில் ஈரத்துண்டு காய்ந்து கொண்டிருந்தது. கூடையில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள்!

"இதென்னடி, வண்டியை வெங்காயக் கூடை ஆக்கிட்டே?" என்றேன்.

"அதை ஏன் கேக்குற அக்கா. உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்தாங்க. ஊருக்குள்ள ஓட்டுவா. மெயின் ரோட்டுல விடுறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. லாரி எப்பிடிப் போகுதுன்னு பாத்தேல்ல?"

அக்கா மகள் என்றும் தங்கை மகள் என்றும் எங்கள் வீட்டில் பிரித்துப் பேசுவதில்லை. என் மகள்தான் அவளும். பதினொன்றாம் வகுப்பு. அவளுக்குப் பிடித்த உயிரியல் பாடம் இருக்கிற மேல்நிலைப் பள்ளி மெயின் ரோட்டை ஒட்டி நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலையில் பஸ் சரியாக இருக்கிறது. சாயங்காலம்தான் தகராறு. ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் பஸ் போய்விடும். அடுத்தது இருட்டின பிறகுதான். ஆகவே ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டு ஓடி வருகிறாள். கணக்கும் வேதியியலும் பின்தங்குகிறது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"படிக்க வேணாம்னு சொல்லல மதினி. ஆனா பாருங்க, நூல் மில் வேன் வாசலுக்கே வந்து பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகுது. சாயங்காலம் வாசல்லயே கொண்டாந்து விடுது. பள்ளிக்கூடம் அப்பிடி வருதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கெட்ட மனிதர் அல்ல. மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். பயம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது. இந்தச் சமவெளியில் நூற்பாலைகளுக்குக் குறைவில்லை. படிப்பை நடுவில் விட்ட பெண்கள் போய்ச் சேரும் இடம் அதுதான். ஒரு பெண்ணின் படிப்பு நின்று போவதற்கு வறுமையோ மாமியாரோ காரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். நாலு கிலோமீட்டர் சாலை கூடப் போதுமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மகள் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக் கொண்டு கழுவப் போய்விட்டாள்.

சைக்கிளும் பெண்ணும்

நம் தமிழ்நாட்டுக்குச் சைக்கிளின் அருமை தெரியாதா என்ன? பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. வயல் வேலை செய்பவர், கல் குவாரியில் உடைப்பவர், அங்கன்வாடி ஊழியர் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள்! தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்துக் கொண்டு, யார் தயவும் இல்லாமல் போய் வந்தார்கள்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2001-02 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. பிறகு அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் மாணவிகளுக்கு இதே போல் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் எண்ணிக்கை நூற்றுக்கு 32 அளவுக்குக் கூடியது என்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகமாம்.

ஆக, சைக்கிள் கொடுத்தாயிற்று. ஓட்டுவதற்கு இடம்? சேலை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கட்டிக் கொண்டு போகக் கல்யாணம் இல்லை என்கிற கதைதான்!

எண்ணிப் பார்த்தேன்

மறுநாள் காலை மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகளை எண்ண ஆரம்பித்தேன். காய்கறி மூட்டை ஏற்றிக் கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற வேன்கள், சிமென்ட் லாரி, வெளியூர்க் கார்கள், மூன்று பேரை ஏற்றிய மோட்டார் சைக்கிள். பத்து நிமிஷத்தில் கணக்கு விட்டுப் போயிற்று. டீக்கடைக்காரர், "என்னம்மா, சர்வே எடுக்குறீங்களா?" என்றார்.

ஏன் எண்ணினேன் என்றால், இந்தியச் சாலை காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. நம் நாட்டுச் சாலைகள் எப்படி இருக்க வேண்டும் என்று வழிமுறை எழுதுகிறவர்கள். சைக்கிள் தடம் பற்றி அவர்கள் 1962-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வண்டி போகிற சாலையில், மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனித் தடம் போடுவது நியாயம் என்கிறது அது. தடத்தின் அகலம் குறைந்தது 2 மீட்டர் வேண்டுமாம்.

இதில்தான் ஒரு சிக்கல். வண்டிக் கணக்கு எளிதில் வந்துவிடும். சைக்கிள் கணக்கு வருமா? பயத்தினால் பாதிச் சைக்கிள் திண்ணையில் அல்லவா நிற்கிறது! கதவைச் சாத்தி வைத்துக் கொண்டு, "ஒருத்தரும் வரக் காணோமே, இலை எதற்குப் போட வேண்டும்?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. சாலையில் ஓடுகிற சைக்கிளை மட்டும் எண்ணினால் போதாது. திண்ணையில் நிற்பதையும் எண்ண வேண்டும்.

தாய்மார்கள் கேட்ட பாதை

சைக்கிள் நாடு என்று பெயர் எடுத்த ஹாலந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே எப்போதும் இப்படியே இருந்ததாக நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1950, 60-களில் அங்கேயும் கார் பெருகி, சைக்கிளை ஓரம் கட்டியது. 1971-இல் மட்டும் சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் தகப்பன்மார்களும் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே பெட்ரோல் நெருக்கடியும் வந்தது. அரசாங்கம் கண் விழித்துக் கொண்டு, ஊர் ஊராக வண்டிகளிலிருந்து பிரித்த சைக்கிள் பாதை போட ஆரம்பித்தது.

நம் பக்கத்தில் ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டருக்கு, மேலே சூரிய ஒளித் தகடுகளைக் கூரையாகப் போட்டு, 2023-இல் சைக்கிள் தடம் திறந்தார்கள். நிழலுக்கு நிழல், மின்சாரத்துக்கு மின்சாரம். பெரிய ஊர், பெரிய செலவு. நம் கிராமத்துப் பிள்ளைக்குக் கூரை வேண்டாம். புளியமர நிழல் போதும்.

ஒத்திகை

டீக்கடையிலிருந்து எதிரே பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பாதயாத்திரைப் பாதை! தைப்பூசமும் பங்குனி உத்திரமும் போக, மீதி நாளெல்லாம் அது சும்மாத்தானே கிடக்கிறது? சில வாரம் சாமிக்கு. மீதி மாதம் பிள்ளைகளுக்கு. முருகன் கோபித்துக் கொள்ளவா போகிறான்! அவனே மயிலேறி உலகம் சுற்றி வந்தவன்.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்காயத்தைக் கொட்டிவிட்டு வண்டியை எடுத்தோம். மகள் ஓட்ட, நானும் தங்கையும் பின்னால் நடந்தோம். முதல் ஒரு கிலோமீட்டர் சொகுசு. கல் பெயராமல் இருந்தது. சாலையில் லாரி இரைந்து கொண்டு போனாலும் நடுவில் மண் மேடும் செடியும் இருந்ததால் பயம் தெரியவில்லை. பிறகு ஓர் இடத்தில் கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது, இறங்கித் தள்ளினாள். இன்னோர் இடத்தில் சீமைக்கருவேல முள் வழியை மறித்தது. ஒரு கடைக்காரர் பாதை மேலேயே பந்தல் போட்டிருந்தார். பள்ளிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் ஓடைப் பாலம் வந்தது. அங்கே பாதை நின்று போயிற்று. பாலத்தின் அகலம் முழுவதும் வண்டிக்குத்தான். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஐம்பது அறுபது அடி தூரம் சாலையிலேயே போக வேண்டும்.

தங்கை அங்கேயே நின்றுவிட்டாள். "இதுக்குத்தான் அக்கா நான் பயந்தது" என்றாள்.

அவள் சொல்வது நியாயம். பாதை என்பது சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தாலும் அறுந்ததுதான். ஆபத்து எங்கே அதிகமோ அந்தப் பாலத்திலும் சந்திப்பிலும் பாதையை விட்டுவிட்டு, ஆபத்தில்லாத வயற்காட்டுப் பக்கம் மட்டும் கல் பதித்தால் தாய் மனது எப்படி ஒப்பும்?

மகள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "பெரியம்மா, பாலத்துல மட்டும் நான் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறேன். வண்டி வராதப்போ போறேன். மத்த இடமெல்லாம் பாதை இருக்குல்ல?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "கொஞ்ச நாளைக்கு நான் பாலத்துக்கிட்ட வந்து நிக்கிறேன்" என்றாள் கடைசியில்.

நீங்களும் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கும்போது

சீட்டின் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டு ரொம்பத் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். "சைக்கிள் ஒத்துக்கலை" என்று பிள்ளை விட்டுவிடும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடியச் சொல்லுங்கள். பின்னலையும் மடித்துக் கட்டட்டும். சக்கரத்துக்குத் துணி கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். பின்னால் சிவப்பு ஒளிர்ப்பான் இல்லாவிட்டால், பாதயாத்திரைக்காரர்கள் பையில் ஒட்டுகிற ஸ்டிக்கரையே ஒட்டலாம்.

மாத விலக்கு நாளில் ஓட்டக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். வலியும் சோர்வும் அதிகம் இருந்தால் ஒழிய, தடை ஒன்றும் இல்லை. வளரும் பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு கிலோமீட்டர் போய், நாலு கிலோமீட்டர் வந்தால் அதில் பெரும் பங்கு தானாகவே கிடைத்துவிடும். ஆனால் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இரண்டு இட்லியாவது, ஒரு கேழ்வரகு அடையாவது உள்ளே போகட்டும். முருங்கைக்கீரைக்கு அந்தப் பக்கம் பஞ்சமே இல்லை.

பாதை விஷயத்தையும் அடுப்படியிலேயே பேசி முடித்துவிடாதீர்கள். கிராம சபை ஆண்டுக்குப் பல முறை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரிந்த நாட்கள். அங்கே எழுந்து நின்று, "எங்கள் ஊர் வழியாகப் போகும் பாதையில் முள்ளை வெட்ட வேண்டும், பாலத்தருகே வேகத்தைக் குறைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு சின்ன நடைபாலம் வேண்டும்" என்று தீர்மானம் கேட்கலாம். அதை எடுத்துக் கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். தனியாகப் போகாமல் நாலு தாய்மார்கள் சேர்ந்து போங்கள். பள்ளிக்கு வருகிற சைக்கிள் எத்தனை, திண்ணையில் நிற்கிற சைக்கிள் எத்தனை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள்.

தங்கை ஊரில் மகளிர் குழுவினர் அந்தக் காகிதத்தை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பாலத்துக்கு வழி எப்போது பிறக்குமோ தெரியாது. முள்ளை மட்டும் அவர்களே அரிவாள் எடுத்துக் கொண்டு போய் ஒரு காலையில் வெட்டிவிட்டார்கள்.

போன வாரம் தங்கை போன் செய்தாள். "மகள் ஸ்பெஷல் கிளாஸ் போறா அக்கா. அவளோட இன்னும் ரெண்டு பிள்ளைக சேந்துக்கிட்டாங்க. நான் பாலத்துல நிக்கிறதப் பாத்து, அந்தப் பிள்ளைகளோட அம்மாமாரும் முறை வச்சு வந்து நிக்கிறாங்க" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றேன்.

"என்ன சொல்வாரு? நேத்து அவரே செயினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தாரு."

"அப்போ வெங்காயம்?"

"அது கட்டிலுக்கு அடியில கெடக்கு!" என்று சிரித்தாள்.